காட்டுமாடு ஏன் வயலுக்கு வருகிறது?

பழனி மலையின் மேற்பகுதியில், கொடைக்கானலுக்கு மேற்கே பூம்பாறை, மன்னவனூர், கூக்கால் முதலிய கிராமங்கள் அமைந்துள்ளன. கடல் மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 6,000 அடி உயரத்தில், சரிவுகளைப் படிப்படியாக வெட்டி, உருளைக்கிழங்கு, காரட், பீன்ஸ், பூண்டு ஆகியவற்றை இங்குள்ள உழவர்கள் பயிரிடுகின்றனர். கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடும் கிடைத்தது. வயல் முடியும் இடத்தில் காடு தொடங்குகிறது. அக்காட்டில் சுமார் 600 சதுர கிலோமீட்டர் பரப்பு 2013-ஆம் ஆண்டில் வனவிலங்கு சரணாலயமாக அறிவிக்கப்பட்டது.

சரணாலயம் வந்ததனால்தான் காட்டுமாடு வயலில் இறங்குகிறது என்று குறை கூறுவோர் உண்டு. ஒரே இரவில் பாத்திகள் மிதிபட்டுக் கிடப்பதைக் கண்ட உழவர் வேறு என்ன கூறுவார்? எனினும் காரணம் சரணாலயத்தைவிடப் பழையது.

இம்மலையின் உச்சி முழுவதும் மரக்காடாக இருந்ததில்லை. மேடுகளில் புல்வெளியும், நீரோடும் மடிப்புகளில் சோலையுமாகவே அது இருந்தது. காட்டுமாடு புல் மேயும் பிராணி. அதற்கு மேய்ச்சல் நிலம் அப்புல்வெளியே. ஆனால் புல்வெளி வெறும் தரிசு என்று ஒரு காலத்தில் கருதப்பட்டது. தோல் பதனிடுவதற்கு வேண்டிய பட்டைக்காகச் சீகை மரமும், கூழுக்காகத் தைல மரமும், இவற்றோடு பைன் மரமும் பரவலாக நடப்பட்டன. நடவு நின்ற பின்பும் சீகை நிற்கவில்லை. தானாகவே விதை சிந்திப் பரவியது. 1973 முதல் நாற்பது ஆண்டுகளில் பழனி மலையின் உயர்நிலப் புல்வெளியில் மூன்றில் இரு பங்கு மறைந்துவிட்டதாகச் செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு நடந்த ஓர் ஆய்வு 2018-இல் காட்டியது. மரத் தோட்டங்களோடு வேளாண்மை விரிந்ததும் இதற்குக் காரணம் என்பதை நாம் ஒளிக்க வேண்டியதில்லை.

மேய்ச்சல் குறைந்தால் மாடு எங்கே போகும்? வேலியோரத்தில் கொட்டிய காய்கறிக் கழிவை ஒரு முறை ருசி கண்ட மந்தை மறுநாளும் வருகிறது. கழிவைக் குழியிலிட்டு எருவாக்குவது செலவில்லாத முதற்காரியம். மின்சாரத்தைக் கம்பியில் நேராகப் பாய்ச்சுவது சட்டப்படி குற்றம். விலங்கோடு மனிதரையும் கொல்லும்.

மாடு மட்டுமன்று, நீரும் இதில் அடங்கியிருக்கிறது. புல்லும் சோலையும் மழைநீரை மண்ணில் இறக்கிச் சிறுகச் சிறுக ஓடைக்கு விடுகின்றன. பழனியில் ஓடும் சண்முகநதியும், பெரியகுளத்தில் ஓடும் வராக நதியும் இம்மலையில் பிறந்தவையே. ஆதலால் இது மலை ஊராரின் காரியம் மட்டும் அன்று.

அப்படியானால் சீகையை ஒருசேர வெட்டிவிடலாமே என்று தோன்றும். அது அத்துணை எளிதன்று. அதன் விதை பல ஆண்டுகள் மண்ணில் உறங்கிக் கிடந்து, நிலத்தைக் கிளறினாலோ தீப் பட்டாலோ முளைக்கிறது. சில வகை வேரிலிருந்தும் துளிர்க்கிறது. வெட்டியபின் ஆண்டுதோறும் கன்றைப் பிடுங்காவிட்டால் முன்னினும் அடர்த்தியாகும். மேலும், முதிர்ந்த சீகையின் நிழலில் சோலை மரக்கன்றுகள் பல இடங்களில் வளர்ந்து வருகின்றன. அங்கே வெட்டுவது வருகின்ற சோலையையும் அழிப்பதாகும். எஞ்சிய புல்வெளியின் ஓரத்தில் புதிதாக நுழையும் கன்றுகளை மழைக்குப்பின் மண் ஈரமாயிருக்கையில் வேரோடு பிடுங்குவதே குறைந்த உழைப்பில் மிகுந்த பலன் தருவது. சரணாலய எல்லைக்குள் இதனை வனத்துறையின் அனுமதியோடுதான் செய்ய இயலும்.

பஞ்சாயத்துக்கும் இங்கே வேலை உண்டு. 2002-ஆம் ஆண்டின் உயிரியல் பன்முகத்தன்மைச் சட்டப்படி ஒவ்வோர் ஊராட்சியும் ஒரு மேலாண்மைக் குழு அமைத்து, மக்கள் பதிவேடு எழுத வேண்டும். எந்த மேடு புல்லாயிருந்தது, எந்த ஊற்று எந்த மாதம் வரை ஓடியது, மந்தை எவ்வழியே இறங்கிற்று என்பவை ஊர்ப் பெரியவர்களுக்கு மனப்பாடம். கிராம சபை கூடும் நாளில் அவர்களை அழைத்து உட்கார வைத்து எழுதிக்கொண்டால், எந்தப் புல்வெளியை முதலில் மீட்க வேண்டும் என்று வன அலுவலரிடம் இடம் சுட்டிக் கேட்கலாம்.