சிறுவர்க்கு முதல் நிரல்மொழி எது?

கணினிக்குக் கட்டளையிடப் பயன்படும் நிரல்மொழிகளுள் எதைக் குழந்தைக்கு முதலில் கற்பிப்பது என்ற கேள்விக்கு, வேலைவாய்ப்பில் எதற்கு மதிப்பு என்பதைக் கொண்டே பெற்றோர் பலரும் விடை தேடுகின்றனர். ஆனால் இன்று பத்து வயதாகும் குழந்தை வேலைக்குச் செல்லும் காலத்தில் எந்த மொழி வழக்கில் இருக்கும் என்பதை எவராலும் சொல்ல இயலாது. தன் பிழையைக் குழந்தை தானே கண்டு திருத்திக்கொள்ள எந்த மொழி இடங்கொடுக்கிறது என்பதே கேட்கத்தக்க கேள்வி.

1967இல் அமெரிக்காவில் சீமோர் பேப்பர்ட், சிந்தியா சாலமன் முதலியோர் சிறுவர்க்கென உருவாக்கிய லோகோ மொழியின் அடிப்படை இதுவே. அம்மொழியில் சிறுவர் இடும் கட்டளைப்படி 'ஆமை' ஒன்று கோடு இழுத்துச் செல்லும். சமபக்க முக்கோணத்தின் உள்கோணம் 60 பாகை என்று படித்த சிறுமி, 'முன்னே செல், 60 பாகை வலப்புறம் திரும்பு' என்பதை மூன்று முறை செய்யச் சொன்னால், திரையில் முக்கோணத்துக்குப் பதிலாக அறுகோணத்தின் பாதியே தோன்றும். அவளே ஆமையாக எழுந்து நடந்து பார்க்கும்போது, திரும்ப வேண்டியது வெளிக்கோணமாகிய 120 பாகை என்பது அவளுக்குப் புலப்படும். வடிவியல் பாடத்தில் மனப்பாடமாக இருந்த செய்தி இவ்வாறு அவளுடைய சொந்த அறிவாகிறது.

இம்மரபில் வந்த ஸ்கிராட்ச், மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் மிட்செல் ரெஸ்னிக் குழுவினரால் 2007இல் வெளியிடப்பட்டது. இதில் கட்டளைகள் வண்ணக் கட்டைகளாக இருப்பதாலும், பொருந்தாத கட்டைகள் ஒன்றோடொன்று இணையாததாலும், எழுத்துப்பிழைக்கு இடமின்றிச் சிந்தனைப் பிழை மட்டுமே எஞ்சுகிறது. எட்டு வயது முதல் இது ஏற்றது. ஆனால் நிரல் பெரிதாகும்போது கட்டைகளைக் கையாள்வது கடினமாகும்.

அப்போது, ஏறத்தாழ 12 வயதில், பைத்தானுக்கு மாறலாம். 1991இல் கைடோ வான் ரோசம் வெளியிட்ட இம்மொழியில் ஒரு வாக்கியத்தைத் திரையில் காட்ட ஒரே வரி போதும். லோகோவின் ஆமையும் அதனுடனேயே வருகிறது. மாறிகளுக்கு, அதாவது மதிப்புகளைச் சேமித்து வைக்கும் பெயர்களுக்கு, தமிழிலேயே பெயரிடவும் பைத்தான் 3 இடமளிக்கிறது. எனினும் பிழைச் செய்திகள் ஆங்கிலத்தில் வருவதால், தமிழ்வழி மாணவர்களோடு அமர்ந்து ஆசிரியர் அவற்றை வாசித்துக் காட்டுவது இன்றியமையாதது.

தமிழ்நாட்டில் 2018இல் வந்த பதினொன்றாம் வகுப்புக் கணினி அறிவியல் பாடநூல் சி++ மொழியையும், அடுத்த ஆண்டு வந்த பன்னிரண்டாம் வகுப்புப் பாடநூல் பைத்தானையும் கற்பிக்கின்றன. நிரலாக்கத்தை அங்கேதான் முதன்முதலாகச் சந்திக்கும் மாணவர்களுக்கு இவ்வரிசையைத் திருப்பியமைப்பதே நன்மை தரும்.