கையில சாவி இருந்தா பொறுப்பு வந்துடுமா? ஷிஃப்ட் வீடுகளின் பிள்ளை வளர்ப்பு

விடியற்காலை. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் முதல் ஷிஃப்ட் பிடிக்க அப்பா கம்பெனி பஸ்ஸில் ஏறிவிட்டார். கொஞ்ச நேரத்தில் அம்மாவும் கிளம்புகிறார். “பூட்டிட்டு ஸ்கூலுக்குப் போயிடு. தம்பியைப் பாத்துக்கோ.” நாலாவது படிக்கிற பெண்ணின் கையில் வீட்டுச் சாவி.

‘பிள்ளைகளைச் சுதந்திரமாக விடுங்கள்’ என்று யூடியூப்பில் வருகிற அறிவுரையெல்லாம், சோத்துத் தட்டோடு பின்னாலேயே ஓடுகிற வீடுகளுக்குத்தான். இங்கே கதை தலைகீழ். பிள்ளை ஏற்கெனவே தனியாகத்தான் இருக்கிறது. பழக்கிவிட்டுத் தனியாக விட்டோமா, இல்லை வேற வழியில்லாமல் விட்டோமா?

இன்று ஒருவர் துணையோடு செய்வதை நாளைக்குப் பிள்ளை தானாகவே செய்யும் என்றார் ரஷ்ய உளவியலாளர் லெவ் வைகாட்ஸ்கி (1896-1934). அந்த ‘துணை’ என்கிற படியைத்தான் நாம் அவசரத்தில் தாண்டிவிடுகிறோம்.

சாவியையே எடுத்துக்கொள்ளுங்கள். வார லீவு நாளில் நீங்கள் பூட்டுங்கள், பிள்ளை பார்க்கட்டும். அடுத்த முறை பிள்ளை பூட்டட்டும், நீங்கள் வாயைத் திறக்காமல் பக்கத்தில் நில்லுங்கள். (இதுதான் ரொம்பக் கஷ்டம்.) அப்புறம் தெருமுனையில் நின்று பாருங்கள். சாவி தொலைந்தால் யார் வீட்டுக்குப் போகணும் என்பதையும் ஒருமுறை நடந்தே காட்டிவிடுங்கள். உங்கள் நம்பர் மனப்பாடமாக இருக்கணும். ஆனால் வேலை நேரத்தில் போன் லாக்கரில் கிடக்கும் என்றால் அந்த நம்பரால் என்ன பயன்? போனை எடுக்கக்கூடிய இன்னொருவர் நம்பரும், குழந்தைகள் உதவி எண் 1098-ம் தெரிந்திருக்கட்டும்.

அடுப்பு விஷயத்தில் அவசரமே வேண்டாம். 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கிய முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம், 2024 ஜூலை 15 முதல் கிராமப்புற அரசு உதவிபெறும் பள்ளிகளுக்கும் வந்தது. அந்த விரிவாக்கம் தொடங்கியதே நம்ம திருவள்ளூர் மாவட்டம் கீழச்சேரியில்தான். 1 முதல் 5-ம் வகுப்பு வரை இந்தப் பள்ளிகளில் காலையில் சூடான சாப்பாடு உண்டு. அதனால் ரெகுலேட்டரை மூடிவிட்டே கிளம்பலாம். பிள்ளை நேரத்துக்குப் பள்ளிக்குப் போய்ச் சேர்ந்தால் போதும்.

“தம்பியைப் பாத்துக்கோ” என்ற வார்த்தைக்கும் வருவோம். தன் பையைத் தானே அடுக்குவது, சாப்பிட்ட தட்டைக் கழுவுவது, குடத்தில் தண்ணி பிடிப்பது எல்லாம் பொறுப்பு. தம்பிக்குக் காய்ச்சல் என்று அக்கா லீவு போட்டால் அது சுமை. 2016-ல் திருத்தப்பட்ட குழந்தைத் தொழிலாளர் தடைச் சட்டமும், குடும்பத் தொழிலில் உதவுவது பள்ளி நேரத்துக்குப் பிறகோ விடுமுறையிலோதான் என்கிறது. வீட்டு வேலைக்கும் நாம் அதே கோட்டைப் போடலாம். தம்பிக்கும் ஐந்து வயதானால் அவன் செருப்பை அவனே எடுத்து வைக்கட்டும், ஆம்பளைப் பிள்ளை என்பதற்காக விட்டுவிட வேண்டாம்.

ஒரு சின்ன வேலை. அடுத்த வார ஷிஃப்ட் தெரிந்ததும் சுவரில் மாட்டிய காலண்டரைப் பிள்ளையிடம் கொடுங்கள். அப்பாவுக்கு எந்த நாள் நைட், அம்மா எந்த நாள் வீட்டில் என்று அதுவே எழுதட்டும். யாரும் இல்லாத காலைகளில் எதெல்லாம் தன்னால் முடியும், எது பயமாக இருக்கிறது என்பதையும் அப்போதே கேளுங்கள். “கரன்ட் போனா பயமா இருக்கும்மா” என்று சொன்னால், அன்றைக்கே ஒரு டார்ச் வாங்கி, கைக்கு எட்டுகிற ஆணியில் மாட்டுங்கள்.