வாப்பாவிடமும் கேளுங்கள்

இதயச் செயலிழப்பு என்றால் இதயம் நின்றுவிட்டது என்று பொருளல்ல. உடலுக்குத் தேவையான இரத்தத்தைச் செலுத்த முடியாமல் அது தளர்ந்திருக்கிறது. இவர்களில் சிலருக்கு நெஞ்சில் ஐ.சி.டி. கருவி பொருத்தலாம் என்பார் மருத்துவர். வாப்பா கட்டிலில் படுத்திருக்க, நமது மஷூரா வராண்டாவிலேயே முடிந்துவிடுகிறது.

ஆபத்தான துடிப்பு வந்தால் மின்னதிர்ச்சி கொடுத்து, திடீர் மரணத்தைத் தடுக்க உதவும் கருவி அது. மூச்சுத்திணறலையோ கால்வீக்கத்தையோ குறைக்காது. அதிர்ச்சி வலிக்கும், சிலவேளை தேவையின்றியும் அடிக்கும். பின்னாளில் வேண்டாமென்றால் அறுவை சிகிச்சையின்றியே அதிர்ச்சியை நிறுத்தி வைக்கலாம். இதைக் கேட்க நமக்குத் தோன்றுவதேயில்லை.

இத்தனையையும் வாப்பாவிடம் சொல்லி, அவருக்கு எது முக்கியம் என்று மருத்துவர் முன்னிலையிலேயே கேட்போம். உம்மாவும் உடனிருக்கட்டும். இரவில் அவர் எத்தனை தலையணை வைத்துப் படுக்கிறார் என்பது உம்மாவுக்குத்தான் தெரியும்.