நண்டு கொழுத்தால் வளையில் தங்காது

நாலு காசு கையில் சேர்ந்ததும் தலைகால் தெரியாமல் ஆடுகிறவனைக் கண்டால், “நண்டு கொழுத்தால் வளையில் தங்காது” என்பார்கள் நம் பெரியவர்கள். அந்தப் பழமொழிக்குள் ஒரு தாய் நண்டின் கதையே அடங்கியிருக்கிறது என்பதை, கோலா செபெத்தாங் ஆற்றில் ஒரு நாள் பொழுதைக் கழித்தபோதுதான் அறிந்துகொண்டேன். வாசக அன்பர்களுக்கும் அது பயன்படும் என்று இங்கே எழுதுகிறேன்.

பேராக் மாநிலத்தில், தைப்பிங்கிலிருந்து ஏறக்குறைய பத்துக் கட்டைத் தொலைவில் இருக்கிறது கோலா செபெத்தாங். போர்ட் வெல்ட் என்பது அதன் பழைய பெயர். மலாயாவின் முதல் இரயில் பாதை 1885-ஆம் ஆண்டில் தைப்பிங்கிலிருந்து இங்கேதான் போடப்பட்டது. இரயில் போய்விட்டது, நிலையத்தின் பெயர்ப்பலகை மட்டும் இன்னும் நிற்கிறது. ஆங்கிலம், ஜாவி, சீனம் ஆகியவற்றோடு தமிழும் அதில் இடம்பெற்றிருப்பதைக் காணும்போது நமக்கெல்லாம் ஒரு பெருமிதம் வரத்தான் செய்யும். ஊரைச் சுற்றிப் பரந்து கிடப்பது மாத்தாங் சதுப்பு நிலக் காடு. சுமார் 40,000 ஹெக்டர்! அந்தக் காட்டுப் பாக்காவ் மரங்களின் வேர்களுக்கிடையே உள்ள சேறுதான் நண்டுகளின் வீடு.

எட்டு வாய்க்குக் குழம்பு

என்னை அழைத்துச் சென்ற நண்பர் என்னைவிடப் பத்து வயது மூத்தவர். தோட்டத்து லயத்தில் பிறந்து வளர்ந்தவர். அவருடைய தந்தையார் காலையில் பால்மரம் வெட்டிவிட்டு, மாலையில் பிந்தோரைத் தூக்கிக்கொண்டு ஆற்றுக்குப் போவாராம். கடைக்கணக்கு ஏறிப்போன மாதக் கடைசியில் அந்த நண்டுதான் வீட்டிலிருந்த எட்டு வாய்க்கும் குழம்பு. இன்று பிள்ளைகள் தலையெடுத்து, நண்பருக்கு அந்த அவசியம் இல்லை. ஆனாலும் மாதம் ஒரு முறையாவது ஆற்றுக்குப் போகாவிட்டால் அவருக்கு உறக்கம் வராது.

பிந்தோர் மிக எளிமையான கருவி. வளைந்த இரண்டு குச்சிகளைப் பெருக்கல் குறி போலக் கட்டி, நான்கு முனைகளிலும் சதுர வலையை இழுத்துக் கட்ட வேண்டும். நடுவில் இரை. எங்களுக்குத் திருக்கை மீன் துண்டுகள். கோழிக் குடலும் உதவும். கடல் நீர் ஏறத் தொடங்கும் வேளையில் நண்டு வளையை விட்டு இரை தேடி வரும் என்பதால், நீர் வற்றி இருந்தபோதே சம்பானில் புறப்பட்டுப் பத்துப் பிந்தோர்களை ஓடைக் கரையோரமாக இறக்கினோம்.

கால் மணி நேரத்துக்கு ஒரு தரம் தூக்கிப் பார்க்க வேண்டும். மெதுவாகத் தூக்கினால் நண்டு குதித்து ஓடிவிடும். ஒரே மூச்சில் தூக்க வேண்டும். பிடித்ததும் பின்பக்கமாகப் பற்றிக்கொண்டு, கொடுக்குகள் இரண்டையும் கயிற்றால் கட்டிவிட வேண்டும். கவ்விவிட்டால் கையை வெடுக்கென்று இழுக்கக் கூடாது. கையோடு நண்டையும் தண்ணீருக்குள் விட்டால், பெரும்பாலும் அதுவாகவே பிடியைத் தளர்த்திவிடும்.

கடலுக்குப் போகிற தாய்

நண்பகலுக்குள் பதினொரு நண்டுகள் ஏறின. நண்பர் ஒவ்வொன்றையும் புரட்டிப் பார்த்தார். வயிற்றின் மேல் மடிந்து கிடக்கும் மூடி ஒடுங்கி முக்கோணமாக இருந்தால் ஆண்; அகன்று அரைவட்டமாக இருந்தால் முதிர்ந்த பெண். அடிப்பக்கத்தை அழுத்தும்போது அமுங்கினால், அண்மையில் ஓடு கழற்றிய நண்டு. அதற்குள் சதையைவிடத் தண்ணீரே அதிகம். சிறியவையும் தண்ணீர் நண்டுகளுமாக ஆறு ஆற்றுக்கே திரும்பின.

கடைசியாக வந்தது ஒரு பெரிய பெண் நண்டு. மூடி கறுத்து அகன்றிருந்தது. பசாரில் இத்தகைய முட்டை நண்டுக்குத்தான் கிராக்கி. நண்பரோ கயிற்றை எடுக்கவே இல்லை.

“என்னண்ணே, இருக்கிறதிலேயே நல்ல நண்டு இதுதானே?” என்றேன்.

“அதனாலதான் தம்பி விடுறேன். இவ வளையை விட்டுக் கடலுக்குக் கிளம்பினவ. இவளைச் சட்டியில போட்டுட்டா, நாளைக்கு இந்த ஆத்துக்கு யாரு வருவா?” என்றார்.

அவர் சொன்னதில் விஞ்ஞானமும் இருக்கிறது. சேற்று நண்டு இனத்தின் பெண் ஆற்று முகத்தில் வளர்ந்து, துணை சேர்ந்து, சினை முதிரும்போது கடலை நோக்கிப் போகிறது. குஞ்சுகளுக்கு உப்பு மிகுந்த நீர் வேண்டும். ஒரே தடவையில் இலட்சக்கணக்கான முட்டைகளை வயிற்றின் அடியில் சுமக்கும். பொரித்த குஞ்சுகள் பல உருமாற்றங்களைக் கடந்து, மீண்டும் சதுப்பு நிலத்தைத் தேடி வருகின்றன. அவற்றில் பிழைப்பவை மிகச் சில. ஆகவே ஒரு தாய் கடலைச் சேர்வதும் சேராததும் ஆற்றுக்குப் பெரிய விஷயம்.

இந்த இனத்தில் நான்கு வகைகள் உண்டு. ஒன்றின் விஞ்ஞானப் பெயர் ‘ஸில்லா ட்ராங்க்விபாரிகா’. டேனிஷ்காரர்கள் ஆண்ட நம் தரங்கம்பாடியின் பெயரால், 1798-இல் ஃபாப்ரீஷியஸ் என்ற அறிஞர் சூட்டியது அது. மலேசிய நீரிலும் இந்த வகை வாழ்கிறது.

குடும்பத்தோடு போகிறவர்களுக்கு

பள்ளி விடுமுறையில் பிள்ளைகளை அழைத்துச் செல்ல விரும்புவோர் முதலில் நீர் ஏறும் நேரத்தைக் கேட்டறிந்துகொள்ளுங்கள். அது நாளுக்கு நாள் ஏறக்குறைய ஐம்பது நிமிடம் தள்ளிப் போகும். படகில் ஏறும் எல்லாரும் மிதவைச் சட்டை அணிய வேண்டும். போகும் இடத்தை வீட்டில் சொல்லிவிட்டுப் போங்கள். கிழிந்த வலையையும் கயிற்றையும் ஆற்றில் எறியாதீர்கள். பிடித்த நண்டுகளை ஈரச் சாக்கால் மூடி நிழலில் வையுங்கள். செத்த நண்டு விரைவில் கெட்டுவிடும். அதைச் சமைக்க வேண்டாம்.

எங்கள் பங்குக்கு நான்கு ஆண் நண்டுகள் மிஞ்சின. மிளகு தூக்கலாக வைத்த பிரட்டல் இரண்டு குடும்பங்களுக்கும் தாராளமாகப் போதுமானதாக இருந்தது. அன்று நண்பரின் பேரன் கேட்ட முதல் கேள்வி, “தாத்தா, அடுத்த தடவை நானும் வரட்டுமா?” என்பதுதான். அவன் வரும்போதும் ஆற்றில் நண்டு இருக்க வேண்டும். வளையை விட்டுக் கிளம்பிய தாய்க்கு நாம் வழிவிட்டால், நிச்சயம் இருக்கும்.