மஜ்னு மரமும் மாலியும் நானும்

சங்க விழாக்களில் என்னைப் பார்க்கும் நண்பர்கள் முன்பெல்லாம் ரயில் டிக்கெட் விஷயமாகப் பேசுவார்கள். ஓய்வு பெற்றவனிடம் டிக்கெட் கேட்டுப் பயனில்லை என்று தெரிந்ததாலோ என்னவோ, இப்போதெல்லாம் “உங்கள் மரம் எப்படி இருக்கிறது, சார்?” என்று கேட்கிறார்கள். ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகச் சொல்வதைவிட நம் இதழிலேயே எழுதிவிடலாம் என்று தோன்றியது. இதில் என் தவறுதான் அதிகம். இருந்தாலும் தோட்டம் வைத்திருப்பவர்களுக்கு உதவக்கூடும்.

2008 அக்டோபரில் காஷ்மீர்ப் பள்ளத்தாக்கில் முதல் ரயில் ஓடத் தொடங்கிய சமயம், வேலை நிமித்தமாக அங்கே போயிருந்தேன். மனைவியும் உடன் வந்தாள். நீர்க்கரைகளில் தலைவிரித்தாற்போல் கிளைகளைத் தொங்கவிட்டு நிற்கும் வில்லோ மரங்களைப் பார்த்துவிட்டு, “நமக்கென்று ஒரு வீடு கட்டினால் இந்த மரம் ஒன்று வைக்க வேண்டும்” என்றாள். 2018-ல் ஓய்வு பெற்றேன். பஞ்ச்குலாவுக்கு வெளியே வீடும் கட்டி முடித்தேன். 2022 பிப்ரவரியில் நர்சரியிலிருந்து ஆறடிக் கன்று ஒன்று வந்து சேர்ந்தது.

இந்தப் பக்கத்தில் இதை மஜ்னு என்பார்கள். லைலாவை நினைத்துத் தலை கவிழ்ந்து நிற்கிறதாம்! இதன் தாயகம் சீனா. 1753-ல் இதற்குப் பெயர் வைத்த லின்னேயஸ், பைபிளில் வரும் பாபிலோன் ஆற்றங்கரை மரம் இதுதான் என்று எண்ணி ‘சாலிக்ஸ் பாபிலோனிகா’ என்று எழுதிவிட்டார். அந்த ஆற்றங்கரையில் நின்றவை வேறு மரங்கள் என்பது பிற்பாடு தெரிந்தது. கிரிக்கெட் மட்டை செய்யும் வில்லோ இதன் பங்காளி. நம் மலையோர ஓடைக்கரைகளில் வளரும் ஆற்றுப்பாலையும் இதே குடும்பம்தான்.

நோய் வந்தது

முதல் ஆண்டு கன்று சுமாராக வளர்ந்தது. 2023 ஏப்ரலில் கொழுந்து இலைகள் வெளுத்தன. இலை மஞ்சளாக இருக்கும், நரம்பு மட்டும் பச்சையாகத் தெரியும். மே மாதம் ‘லூ’ காற்று அடிக்கத் தொடங்கியதும் இலை நுனிகள் கருகின. உச்சிக் கிளை ஒன்று காய்ந்து சுள்ளியாயிற்று.

வில்லோ தண்ணீருக்கு ஏங்கும் மரம் என்று படித்திருந்தேன். ஆகவே தினமும் மாலையில் குழாயைப் பிடித்து மண் நனைய ஊற்றினேன். பலனில்லை. யூரியா ஒரு கைப்பிடி போட்டேன். கருகல் கூடியது. பூச்சியோ என்று வேப்பெண்ணெய் தெளித்தேன். பூச்சி இருந்தால்தானே சாவதற்கு!

கடைசியில் பழியைத் தோட்டக்காரர் மேல் போட்டேன். “நான் இல்லாத நாளில் நீ தண்ணீர் விடுவதில்லை” என்று இரைந்து, ஜூலை மாதத்தோடு கணக்குத் தீர்த்து அனுப்பிவிட்டேன். அவர் ஒன்றும் பதில் சொல்லாமல் களைக்கொட்டை அலம்பி வைத்துவிட்டுப் போனார். அன்று என் மனைவி என்னோடு பேசவில்லை.

கடப்பாரை சொன்ன உண்மை

நான் பாலிடெக்னிக் டிப்ளமா முடித்து, தண்டவாளப் பராமரிப்பில் ஏறத்தாழ நாற்பது ஆண்டு வேலை பார்த்தவன். பாதையில் சில இடங்கள் உண்டு. எத்தனை முறை ஜல்லியை இடித்து லெவல் செய்தாலும் சில நாளில் மறுபடி அமுங்கும். காரணம் மேலே இருக்காது. வடிகால் அடைத்து, அடியில் இருக்கும் மண் சேறாகி, ஒவ்வொரு வண்டி போகும்போதும் ஜல்லிக்குள் ஏறும். “லெவல் பார்க்கும் முன் தோண்டிப் பார்” என்று இளைஞர்களுக்கு ஆயிரம் முறை சொல்லியிருப்பேன். வீட்டு மரத்துக்கு மட்டும் அது நினைவுக்கு வரவில்லை.

டிசம்பரில் இலையெல்லாம் உதிர்ந்த பிறகு கடப்பாரையை மரத்தருகே இறக்கினேன். ஒன்பது அங்குலத்தில் ‘டங்’ என்றது. நாலு பக்கமும் அதே சத்தம். அப்போதுதான் ஞாபகம் வந்தது. வீடு கட்டி முடித்தபோது ‘மல்பா’ அள்ளும் வண்டிக்கு இரண்டு நடை காசு மிச்சம் என்று, உடைந்த செங்கல்லையும் சிமென்ட் காரையையும் பின்பக்கமே பரப்பி, மேலே ஒரு முழம்கூட வராத அளவுக்கு மண் போட்டு மூடச் சொன்னவன் நானேதான்.

2024 ஜனவரியில் மரத்தைத் தோண்டி எடுத்தேன். நர்சரியின் கறுப்பு பாலிதீன் பை பாதிக்கு மேல் அப்படியே இருந்தது. அதற்குள் வேர்கள் தேன்குழல் பிழிந்தாற்போல் சுற்றிச் சுற்றிக் கிடந்தன. நட்ட அன்று, “பையை முழுக்க எடுத்துவிடட்டுமா, சாகேப்?” என்று மாலி கேட்டார். “மண் உதிர்ந்துவிடும், அடியில் மட்டும் கீறு” என்றது நான். கன்று நேராக நிற்கட்டும் என்று நான் முறுக்கிய கட்டுக்கம்பி, பட்டைக்குள் கால் அங்குலம் புதைந்திருந்தது. போதாக்குறைக்கு அடித்தண்டையும் அரை அடி மண்ணுக்குள் அமிழ்த்தி நட்டிருந்தேன்.

காரையில் உள்ள சுண்ணாம்பு சேர்ந்த மண்ணில் இரும்புச் சத்து இருந்தாலும் வேரால் அதை எடுக்க முடியாது. அதனால்தான் கொழுந்து வெளுத்தது. ஆயுள் முழுக்க இரும்போடு வாழ்ந்தவன் வீட்டு மரத்துக்கு இரும்புப் பஞ்சம்! நான் தினமும் விட்ட தண்ணீரும் மேல் மண்ணை நனைத்ததே தவிர, அடிவேருக்கு எட்டவில்லை.

மன்னிப்பும் மருத்துவமும்

மறுநாள் காலை மாலியின் வீடு தேடிப் போனேன். அந்தக் கிழிந்த பையையும் கையில் எடுத்துப் போயிருந்தேன். “தப்பு என்னுடையது” என்றேன். அவர் பையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, “வேர் காய்வதற்குள் போகலாம், சாகேப்” என்று மட்டும் சொல்லி எழுந்தார்.

இருவருமாக மூன்றடிக்கு மூன்றடி, மூன்றடி ஆழத்துக்குக் குழி எடுத்து இடிபாட்டை அப்புறப்படுத்தினோம். நல்ல மண்ணோடு மட்கிய சாணம் கலந்து நிரப்பினோம். சுற்றிய வேர்களை வெட்டி, கிளைகளில் மூன்றில் ஒரு பங்கைக் கவாத்து செய்தோம். அடித்தண்டு விரிந்து வேராகும் இடம் தரைமட்டத்தில் இருக்கும்படி நட்டோம். கம்பிக்குப் பதில் இரண்டு மூங்கிலும் என் பழைய வேட்டிக் கிழிசலும். சுற்றிலும் நாலு அங்குலச் சருகு மூடாக்கு போட்டோம், தண்டைத் தொடாமல். தினசரித் தெளிப்பை நிறுத்திவிட்டு, வாரம் இரு முறை நாலு வாளித் தண்ணீரை மெதுவாக ஊறவிட்டோம். யூரியா கிடையாது.

பிப்ரவரி கடைசியில் முதல் துளிர் வந்தது. ஏப்ரலில் இலை பச்சையாகவே இருந்தது. கம்பித் தழும்பு இன்னும் இருக்கிறது. அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கொஞ்சம் கூச்சம்தான். மரம் இப்போது மாடிக் கைப்பிடிச் சுவரைத் தாண்டிவிட்டது. மாலையில் மனைவி அதன் அடியில் நாற்காலி போட்டுக் கீரை ஆய்கிறாள்.

நடப்போருக்கு ஒரு எச்சரிக்கை: வில்லோ வேர் தண்ணீரைத் தேடி ஓடும். வீட்டுச் சுவர், சாக்கடைக் குழாய், செப்டிக் தொட்டி இவற்றிலிருந்து முப்பது அடியாவது தள்ளி நடுங்கள். அவ்வளவு இடம் இல்லையென்றால் இந்த ஆசையை விட்டுவிடுங்கள்.

கவாத்து செய்த குச்சிகளை நான் எறியப் போனேன். மாலி தடுத்து, முருங்கைப் போத்து நடுவதுபோல் ஈர மண் வாளிகளில் செருகி வைத்தார். பன்னிரண்டில் ஒன்பது வேர் பிடித்தன. ஒவ்வொரு ஜனவரியிலும் அப்படியே செய்கிறோம். வேண்டுவோர் பொங்கல் விழாவில் என்னிடம் சொல்லி வையுங்கள். கன்று இலவசம். ஆனால் தரும் முன் உங்கள் தோட்டத்தில் கடப்பாரை போட்டுப் பார்க்க மாலியும் நானும் வருவோம்.