டிரம்மர் தேவை: இசைக்குழுக்கள் இணையத்தில் ஆள் சேர்க்கும் விதம்

ராக் இசைக்குழு பெரும்பாலும் நான்கைந்து பேரால் ஆனது. பாடகர், கிட்டார், பேஸ் கிட்டார், டிரம்ஸ், சில குழுக்களில் கீபோர்டு. இவர்களில் ஒருவர் விலகினாலும் குழு முடங்கிவிடும். கிட்டார் வாசிப்பவர்கள் எந்த ஊரிலும் நிறையவே கிடைக்கிறார்கள். டிரம்மர் கிடைப்பதுதான் கடினம். டிரம்ஸ் வாங்கப் பணம் வேண்டும், வைக்க அறை வேண்டும், பழகும் நேரமெல்லாம் அக்கம்பக்கத்தார் பொறுத்துக்கொள்ளவும் வேண்டும். இதனால் ‘ஆள் தேவை’ என்ற அறிவிப்பு ராக் இசையோடு கூடவே வளர்ந்தது.

இணையத்துக்கு முன்பு அந்த வேலையைப் பத்திரிகைகளின் வரி விளம்பரங்கள் செய்தன. 1967இல் லண்டனில் லிபர்ட்டி ரெக்கார்ட்ஸ் நிறுவனம் புதிய திறமைகளைத் தேடி ‘நியூ மியூசிக்கல் எக்ஸ்பிரஸ்’ வார இதழில் விளம்பரம் கொடுத்தது. மெட்டமைக்கத் தெரிந்தும் பாட்டெழுத வராத ஓர் இளைஞரும், பாட்டெழுதத் தெரிந்தும் இசை தெரியாத இன்னோர் இளைஞரும் தனித்தனியே விண்ணப்பித்தார்கள். இரண்டாமவரின் பாடல்கள் அடங்கிய உறை முதலாமவர் கைக்குப் போனது. நேரில் சந்திப்பதற்கு முன்பே அந்த வரிகளுக்கு மெட்டுகள் உருவாகிவிட்டன. அவர்கள்தான் எல்டன் ஜானும் பெர்னி டாப்பினும்.

அந்தச் சின்ன விளம்பரங்களில் எது வேலை செய்தது என்பது கவனிக்கத்தக்கது. 1981இல் லாஸ் ஏஞ்சலஸின் ‘ரீசைக்ளர்’ இதழில் லார்ஸ் உல்ரிச் என்ற டிரம்மர், தன்னோடு சேர்ந்து வாசிக்க ஆள் தேடினார். தனக்குப் பிடித்த குழுக்களாக டைகர்ஸ் ஆஃப் பான் டாங், டைமண்ட் ஹெட், அயர்ன் மெய்டன் என்ற மூன்று பிரிட்டிஷ் பெயர்களைக் குறிப்பிட்டிருந்தார். முதல் இரண்டையும் அன்றைய லாஸ் ஏஞ்சலஸில் அறிந்தவர்கள் மிகக் குறைவு. பெயரைப் படித்ததும் புரிந்துகொள்பவர் யாரோ அவரே வேண்டிய ஆள். அந்த வழியாக ஜேம்ஸ் ஹெட்ஃபீல்டு வந்து சேர, மெட்டாலிகா பிறந்தது. 1986இல் பாஸ்டனில் பிக்ஸீஸ் குழு பேஸ் வாசிப்பவரைத் தேடியபோது, இரைச்சலான ஹஸ்கர் டூ குழுவும் மென்மையான நாட்டுப்புறப் பாடகர்களான பீட்டர், பால் அண்ட் மேரியும் ஒருங்கே பிடித்தவராக இருக்க வேண்டும் என்று கேட்டது. வந்தவர் ஒரே ஒருவர், கிம் டீல். அதற்கு முன் அவர் பேஸ் வாசித்ததே இல்லை. ஆனாலும் சேர்த்துக்கொண்டார்கள். வாசிப்பைக் கற்றுக்கொடுக்க முடியும், ரசனையைக் கற்றுக்கொடுப்பது கடினம்.

1995இல் சான் பிரான்சிஸ்கோவில் தொடங்கிய கிரெய்க்ஸ்லிஸ்ட் இந்த வரி விளம்பரத்தை அப்படியே இணையத்துக்குக் கொண்டுவந்தது. பின்னர் பேண்ட்மிக்ஸ் போன்ற, இசைக்கலைஞர்களுக்கென்றே அமைந்த தளங்கள் வந்தன. இவற்றில் பதிவு செய்பவர் கருவி, அனுபவம், இசை வகை, பிடித்த கலைஞர்கள், ஊர் ஆகியவற்றை நிரப்புகிறார். இத்தகைய தேடலில் முதல் சல்லடை தூரம்: அஞ்சல் குறியீட்டிலிருந்து கணக்கிட்டு, இத்தனை கிலோமீட்டருக்குள் இருப்பவர்கள் என்று வடிகட்டலாம். அடுத்தது கருவி. மூன்றாவதான ரசனைதான் நுட்பமானது. இருவருக்கும் பீட்டில்ஸ் பிடிக்கும் என்பதால் ஒன்றும் தெரியப்போவதில்லை, அது எல்லாருக்கும் பிடிக்கும். அரிதான ஒரு பெயர் இரண்டு பட்டியல்களிலும் இருந்தால் அந்தப் பொருத்தத்துக்கு மதிப்பு அதிகம். அரிய சொல்லுக்குக் கூடுதல் எடை தருவது தேடுபொறிகளில் வழக்கமான கணக்கு. லார்ஸ் உல்ரிச் கணினி இல்லாமலே செய்தது அதைத்தான்.

இணையம் உண்மையிலேயே புதிதாகச் சேர்த்தது ஒலியை. ஆளைப் பார்ப்பதற்கு முன்பே அவர் வாசிப்பைக் கேட்டுவிட முடிகிறது. 2007இல் அமெரிக்காவின் ஜர்னி குழு, உச்ச ஸ்தாயியில் பாடக்கூடிய பாடகர் இல்லாமல் தவித்தது. கிட்டார் கலைஞர் நீல் ஷோன் யூடியூபில் தேடிக்கொண்டிருந்தபோது, மணிலாவில் தி ஜூ என்ற குழு பிறர் பாடல்களைப் பாடிய காணொளிகள் கண்ணில் பட்டன. ஒரு ரசிகர் பதிவேற்றியவை அவை. ஸ்டுடியோ மெருகு எதுவும் இல்லாத மேடைப் பதிவுகள் என்பதால் குரலின் உண்மையான வலு அப்படியே தெரிந்தது. பாடகர் அர்னெல் பினேடாவுக்கு அழைப்பு வந்தபோது யாரோ விளையாடுகிறார்கள் என்றே அவர் முதலில் நினைத்தார். அந்த ஆண்டு டிசம்பரிலேயே ஜர்னியின் பாடகராக அறிவிக்கப்பட்டார்.

ஒரே ஊரில் இல்லாதவர்களும் சேர்ந்து பாடல் உருவாக்க முடியும். லாஸ் ஏஞ்சலஸில் ஜிம்மி டாம்போரெல்லோ இசையை அமைத்துத் தபாலில் அனுப்ப, சியாட்டிலிலிருந்து பென் கிப்பர்ட் பாட்டும் குரலும் சேர்த்துத் திருப்பி அனுப்பினார். 2003இல் வெளியான அவர்களுடைய தொகுப்பு ‘கிவ் அப்’, குழுவின் பெயர் தி போஸ்டல் சர்வீஸ். இன்று தபாலின் இடத்தில் கோப்புப் பரிமாற்றம் இருக்கிறது. ஒவ்வொரு கருவிக்கும் தனிக் கோப்பு, எல்லாக் கோப்புகளும் ஒரே பூஜ்ஜிய நொடியில் தொடங்க வேண்டும், காலப்பிரமாணமும் சுருதியும் கூடவே எழுதி அனுப்ப வேண்டும். எம்பி3 வடிவம் இதற்கு ஆகாது. அது கோப்பின் தொடக்கத்தில் சிறு மௌனத்தைச் சேர்த்துவிடும், தாளம் அந்த அளவுக்குத் தள்ளிப்போகும். சுருக்கப்படாத வேவ் கோப்பே சரி.

ஆனால் ஒரே நேரத்தில் சேர்ந்து வாசிப்பது வேறு விஷயம். காற்றில் ஒலி நொடிக்குச் சுமார் 343 மீட்டர் செல்கிறது. மேடையில் பத்து மீட்டர் தள்ளி நிற்பவரின் ஒலி வந்து சேர ஏறத்தாழ 29 மில்லி நொடி ஆகும். தாமதம் 25, 30 மில்லி நொடியைத் தாண்டினால், ஒவ்வொருவரும் மற்றவருக்காகத் தம்மை அறியாமல் காத்திருக்க, தாளம் இழுக்கத் தொடங்குகிறது. கண்ணாடி இழையில் ஒளி நொடிக்குச் சுமார் இரண்டு லட்சம் கிலோமீட்டர் செல்லும். லண்டனிலிருந்து மான்செஸ்டருக்கு அது இரண்டு மில்லி நொடிக்கும் குறைவு. லாஸ் ஏஞ்சலஸுக்கோ ஏறத்தாழ 8,800 கிலோமீட்டர், போக மட்டும் 44 மில்லி நொடி. சாதாரணக் கண்ணாடி இழை வழியே செல்லும்வரை இதைக் குறைக்க முடியாது. இதன் மேல் கணினியின் ஒலி அட்டையும் இணைய வழித்தடங்களும் தம் பங்குக்குத் தாமதம் சேர்க்கின்றன.

ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் உருவான ஜாக்டிரிப்பும், கட்டற்ற மென்பொருளான ஜாமுலஸும் இந்தக் கூடுதல் தாமதத்தை முடிந்தவரை குறைத்து, அருகருகே உள்ள ஊர்களுக்குள் சேர்ந்து வாசிப்பதைச் சாத்தியமாக்குகின்றன. வைஃபையை விட்டுக் கம்பி இணைப்புக்கு மாறுவதும் புளூடூத் ஹெட்போனைக் கழற்றி வைப்பதும் இவற்றுக்கு அவசியம். நின்ஜாம் என்ற மென்பொருள் தாமதத்தோடு போராடுவதையே கைவிட்டது. அது தாமதத்தை வேண்டுமென்றே ஒரு முழு தாளச் சுற்றாக நீட்டிவிடுகிறது. மற்றவர்களின் முந்தைய சுற்றைக் கேட்டபடி ஒவ்வொருவரும் வாசிக்கிறார்கள். சுழன்று வரும் இசைக்கு இது அழகாகப் பொருந்துகிறது, சுற்றுக்குச் சுற்று மாறும் பாடலுக்குப் பொருந்தாது.

ஆகவே மேடையேற விரும்பும் குழுவுக்கு, ஒத்திகைக்கு வந்துபோகக்கூடிய தூரத்தில் இருப்பவரே இன்றும் முதல் தேர்வு. ஆள் தேடுபவர்கள் தங்கள் அறிவிப்பில் ஊரையும், வாரத்தில் எத்தனை நாள் ஒத்திகை என்பதையும், உண்மையாகவே பிடித்த மூன்று நான்கு பெயர்களையும் எழுத வேண்டும், திருத்தாத ஒரு நிமிடப் பதிவையும் இணைக்க வேண்டும். பாடலின் உரிமை யாருக்கு எத்தனை சதவீதம் என்பதை முதல் பதிவு முடிந்த அன்றே எழுதிக் கையெழுத்திட்டுக்கொள்வது நல்லது.