ஜிப் தைக்கத் தயக்கம் எதற்கு?

மாதக் கடைசியில்தான் டிபன் பையின் ஜிப் பல்லைக் காட்டும். ஹைதராபாத், செகந்திராபாத் நகரங்களில் நம்மவர் வீடுகள் பலவற்றில் தையல் மிஷின் உண்டு. ரவிக்கை, பாவாடை, குழந்தைக்குக் கவுன் எல்லாம் தைக்கும் இல்லத்தரசிகள்கூட, ஜிப் என்றதும் கடைக்காரரிடம் கொடுத்துவிடுகிறார்கள். அக்கம்பக்கத்தாருக்குத் தைத்து நாலு காசு பார்ப்பவர்களுக்கு இது இரட்டை நஷ்டம்; பை, உறை, பாண்ட் ரிப்பேர் என்று தேடி வரும் வேலையும் கைநழுவுகிறது. இத்தனைக்கும் இதில் சூட்சுமம் ஒன்றுதான்: திறக்க வேண்டிய இடத்தை முதலில் மூடித் தைத்துவிட வேண்டும்.

ஜிப் ஒன்றும் ஆதிகாலத்துப் பொருள் அல்ல. லாலாகுடா ரயில்வே பட்டறை தொடங்கிய அதே 1893-ல்தான் அமெரிக்காவில் விட்கோம்ப் ஜட்சன் பூட்ஸுக்கான கொக்கிப் பிணைப்புக்குக் காப்புரிமை பெற்றார். அது சமயம் பார்த்து அவிழ்ந்துகொள்ளும்! பல்லோடு பல் கோக்கும் இன்றைய அமைப்பை 1913-ல் உருவாக்கியவர், ஸ்வீடனில் பிறந்த கிதியோன் சுண்ட்பேக்.

செகந்திராபாத் ஜெனரல் பஜார் பக்கம் தையல் சாமான் கடைகளில் ஜிப்பை மீட்டர் கணக்கிலும், ரன்னரைத் தனியாகவும் வாங்கலாம். உடுப்புக்கும் உறைக்கும் 3 நம்பர், பைக்கு 5 நம்பர். பழகுபவர்கள் ரன்னர் கோத்த 12 அங்குல நைலான் ஜிப் ஒன்றை வாங்கித் தலையணை உறையில் தொடங்குவது நல்லது. பாண்ட் பிறகு பார்த்துக்கொள்ளலாம். புதுப் பருத்தித் துணியானால் நனைத்துக் காயவைத்து இஸ்திரி போட்ட பிறகே தொடுங்கள். தைத்த பின் துணி சுருங்கும், நைலான் சுருங்காது. ஜிப் நெளிந்து நிற்பதற்குப் பாதிக் காரணம் இதுவே.

இரு துணிகளையும் நல்ல பக்கம் உள்ளே இருக்கச் சேர்த்து, ஓரத்திலிருந்து முக்கால் அங்குலம் விட்டுக் கோடு போடுங்கள். ஜிப்பின் பல்வரிசை நீளத்தை அதில் குறியுங்கள். குறிகளுக்கு வெளியே சாதாரணத் தையல். முனைகளை முன்னும் பின்னும் ஓட்டி இறுக்க வேண்டும். குறிகளுக்கு இடையே மிஷினின் மிக நீளத் தையல். இது பிறகு பிரிக்கப் போவது. மடிப்பை இருபுறமும் விரித்து இஸ்திரி போட்டு, மூடிய ஜிப்பை முகம் கீழே பார்க்க, பற்கள் தையல் கோட்டின் மேலேயே படும்படி வைத்து, வேற்று நிற நூலால் கைத்தையல் ஓட்டுங்கள். குண்டூசியே போதும் என்று நான் பாழாக்கிய உறைகள் உண்டு.

இனித் துணியைத் திருப்புங்கள். ஒற்றைக் கால் கொண்ட ஜிப் ஃபுட்டை மாட்டி, கோட்டிலிருந்து கால் அங்குலம் தள்ளித் தைக்க வேண்டும். இரண்டு பக்கமும் கீழிருந்து மேலாகவே தையுங்கள். ஒன்று ஏறி ஒன்று இறங்கினால் துணி முறுக்கிக்கொள்ளும். ரன்னரை நெருங்கியதும் தையல் கோணுவது வழக்கம். அங்கே ஊசியைத் துணிக்குள் இறக்கி, ஃபுட்டைத் தூக்கி, நீளத் தையலை இரண்டு அங்குலம் பிரித்து, ரன்னரைக் கீழே தள்ளிவிட்டுத் தொடருங்கள். இரு முனையிலும் குறுக்கே தைக்கையில் மிதிக்காமல் சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். உலோகப் பல்லில் மோதினால் ஊசி முறியும். ஜிப் ஃபுட் இல்லாதவர்கள் கையால் பின்தையல் போடலாம்; நேரம் பிடிக்கும், உறுதியாக இருக்கும்.

கடைசியில் நீளத் தையலைப் பிரித்தால் ஜிப் வெளியே தெரியும். உறையின் மற்ற மூன்று பக்கங்களையும் தைக்கும் முன் அதைப் பாதி திறந்து வையுங்கள். மறந்துவிட்டால், உறையை வெளிப்பக்கமாகத் திருப்ப ஒரு பக்கத்தை மறுபடி பிரிக்க வேண்டிவரும்.